பீட்டில்ஸ் குழுவின் இறுதி ஆண்டும் பிரிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் உருவான பீட்டில்ஸ் ராக் குழு, 1962 அக்டோபரில் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டு, எட்டு ஆண்டுகள் நிறைவதற்குள் கலைந்துபோனது. அதைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள், குழுவின் ஜான் லெனனுடன் இணைந்த யோகோ ஓனோவைச் சுட்டும் ‘அந்தப் பெண்தானே காரணம்?’ என்பதில் தொடங்கி, ‘பால் மெக்கார்ட்னிதானே முதலில் விலகினார்?’ என்பதில் முடியும். இரண்டுக்கும் ‘ஆம்’ என்ற பதிலே ஊரெங்கும் பரவியிருப்பதால், நடந்தவற்றை நாள்வாரியாக எடுத்துச் சொல்வது கடமை எனக் கருதி இவற்றை எழுதுகிறேன்.

பீட்டில்ஸ் எந்த நாளில் பிரிந்தது?

ஒரே நாளைச் சுட்ட இயலாது. நால்வரும் நான்கு வெவ்வேறு நாள்களில் விலகினார்கள். டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார், தன் வாசிப்பு சரியில்லை என்றும், மற்ற மூவரும் நெருக்கமாக இருக்கத் தான் மட்டும் வெளியாளாகிவிட்டதாகவும் நினைத்து, 1968 ஆகஸ்ட் 22 அன்று வெளியேறினார். இரண்டு வாரங்களில் அவர் திரும்பி வந்தபோது, அவருடைய டிரம்ஸ் முழுவதும் மலர்களால் அலங்கரிக்கப்பட்டிருந்தது. கிட்டார் வாசித்த ஜார்ஜ் ஹாரிசன் 1969 ஜனவரி 10 அன்று வெளியேறி, சில நாள்களில் திரும்பினார். ஜான் லெனன் 1969 செப்டம்பர் 20 அன்று விலகுவதாகச் சொன்னார். அவர் திரும்பவே இல்லை. பால் மெக்கார்ட்னி விலகிய செய்தி 1970 ஏப்ரல் 10 அன்று நாளேட்டில் வந்தது. உலகம் அறிந்தது இந்த நான்காவது விலகலை மட்டுமே. ‘இறுதி ஆண்டு’ என்று நான் குறிப்பிடுவது 1969 ஜனவரி 2 முதல் இந்த ஏப்ரல் 10 வரையிலான பதினைந்து மாதங்களை.

1969 ஜனவரியில் படப்பிடிப்புத் தளத்தில் என்ன நடந்தது?

1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த நிகழ்ச்சிக்குப் பின்னர் குழுவினர் கட்டணக் கச்சேரி எதையும் நடத்தவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளேயே அடைந்துகிடந்து, ஒருவர் வாசித்ததன்மேல் மற்றவர் வாசித்துச் சேர்த்துப் பாடல்களை உருவாக்கிய முறையை விட்டுவிட்டு, நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து புதிய பாடல்களைப் பழகி, பார்வையாளர் முன்னிலையில் வாசித்துத் தொலைக்காட்சியில் காட்டலாம் என்பது திட்டம். பாலுக்கு இதில் மிகுந்த ஆர்வம் இருந்தது. லண்டனை அடுத்த ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புத் தளத்தில் ஜனவரி 2 அன்று ஒத்திகை தொடங்கியது; இயக்குநர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் அதைப் படம்பிடித்தார். கச்சேரியை லிபியாவில் உள்ள பழைய ரோமானிய அரங்கில் நடத்தலாம், கப்பலில் ரசிகர்களை ஏற்றிச் செல்லலாம் என்றெல்லாம் பேசினார்கள். ரிங்கோ ஒரு திரைப்படத்தில் நடிக்கச் செல்ல வேண்டியிருந்ததால் காலமும் குறைவாகவே இருந்தது.

இரவுகளில் பாடிப் பழகியவர்களைக் குளிர்ந்த பெரிய கூடமொன்றில் காலையிலேயே உட்காரவைத்து, கேமராவுக்கு முன்னால் பாட்டு எழுதச் சொன்னால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. ஜான் தாமதமாக வந்தார். வந்தாலும் அதிகம் பேசவில்லை. ஹெராயின் பழக்கத்துக்கு ஆட்பட்டிருந்த காலம் அது என்பதைப் பின்னாளில் அவரே மறைக்காமல் சொன்னார். மேலாளர் இல்லாத குழுவில் வேலை வாங்கும் பொறுப்பைத் தன்மேல் போட்டுக்கொண்ட பால், மற்றவர்களுக்குக் கண்டிப்பான வாத்தியாராகத் தெரிந்தார்.

ஆனால் அந்த நாள்கள் முழுவதும் கசப்பாகவே கழிந்தன என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு காலையில் ஜான் இன்னும் வந்துசேரவில்லை. பால் தன் பாஸ் கிட்டாரைச் சாதாரணக் கிட்டார்போல் மீட்டியபடி, சொற்கள் இல்லாமல் ஏதோ முனகுகிறார். எதிரில் ஜார்ஜ் கொட்டாவி விடுகிறார். ரிங்கோ வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டொரு நிமிடங்களில் அந்த முனகல் மெட்டாகிறது, மெட்டில் சொற்கள் ஏறுகின்றன, ரிங்கோ கைதட்டித் தாளம் போடத் தொடங்குகிறார். ‘கெட் பேக்’ என்ற பாடல் பிறந்த விதம் அது. ஒரு பாடல் காற்றிலிருந்து இறங்கி வருவதைப் பதிவாகப் பார்க்கும் வாய்ப்பு மிக அரியது. அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஜார்ஜ் ஏன் வெளியேறினார்? எப்படித் திரும்பினார்?

ஜனவரி 6 அன்று, கிட்டார் வாசிப்பில் பால் திருத்தம் சொல்லிக்கொண்டே இருந்தபோது, நீங்கள் எதை வாசிக்கச் சொல்கிறீர்களோ அதை வாசிக்கிறேன், வாசிக்கவே வேண்டாம் என்றால் வாசிக்கவில்லை என்று ஜார்ஜ் குரலை உயர்த்தாமல் சொன்னார். இந்த உரையாடல் படத்தில் இடம்பெற்றதால், பால் அவரை விரட்டினார் என்ற கருத்து நிலைத்துவிட்டது. உண்மையில் ஜார்ஜின் மனக்குறை அந்த ஒரு நாளுக்குரியதன்று. ஆண்டுக்கணக்காக ஓர் ஆல்பத்துக்கு அவருடைய பாடல்கள் இரண்டுக்கு இடம் கிடைத்தாலே பெரிது. ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ பாடலை அந்த ஜனவரியில் அவர் கொண்டுவந்து மற்றவர்களுக்குப் பலமுறை வாசித்துக் காட்டினார். குழு அதை முழுமையாக்கவில்லை. 1970 நவம்பரில் அதே பெயரில் அவர் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஆல்பத்தை வெளியிட்டபோதுதான், அவரிடம் எவ்வளவு தேங்கிக் கிடந்தது என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

ஜனவரி 10 நண்பகல் உணவு வேளையில், குழுவைவிட்டு இப்போதே போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அன்றைய நாட்குறிப்பில், எழுந்தது, ஒத்திகைக்குச் சென்றது, குழுவைவிட்டு விலகியது, வீடு திரும்பியது ஆகியவற்றை ஒரே மூச்சில், எந்த அழுத்தமும் இல்லாமல் எழுதிவைத்தார். அவர் திரும்பாவிட்டால் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனை அழைத்துக்கொள்ளலாம் என்று ஜான் சொன்னதும் பதிவில் உள்ளது. பிறகு நடந்த பேச்சில், தொலைக்காட்சிக் கச்சேரித் திட்டத்தைக் கைவிட வேண்டும், படப்பிடிப்புத் தளத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்ற அவருடைய நிபந்தனைகளை ஏற்றனர்.

லண்டன் சவில் ரோ தெருவில் 3ஆம் எண் கட்டடத்தில் இருந்த குழுவின் சொந்த நிறுவனமான ஆப்பிளின் நிலவறைக்கு வேலை மாறியது. அங்கே ஒலிப்பதிவுக் கருவிகளை அமைத்துத் தருவதாக வாக்களித்திருந்த அலெக்சிஸ் மார்டாஸ் செய்துவைத்திருந்தவை பயன்படவில்லை; தங்கள் இசைத்தட்டு நிறுவனமான ஈஎம்ஐயிலிருந்து கருவிகளை இரவல் வாங்கினார்கள். ஜனவரி 22 அன்று, குழு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாசித்த நாள்களிலிருந்து தெரிந்தவரான அமெரிக்க இசைக்கலைஞர் பில்லி பிரஸ்டன் வந்து மின்பியானோவின் முன் அமர்ந்ததும் அறையின் காற்றே மாறியது. விருந்தாளி வந்த வீட்டில் சண்டை அடங்குவதைப்போல, நால்வரும் ஒருவரோடொருவர் மரியாதையாகப் பேசத் தொடங்கினார்கள். ‘கெட் பேக்’ இசைத்தட்டில் குழுவின் பெயருடன் பிரஸ்டன் பெயரும் அச்சிடப்பட்டது.

மொட்டைமாடிக் கச்சேரி எப்படி நடந்தது?

லிபியாவுக்கும் கப்பலுக்கும் போவதாகப் பேசியவர்கள் கடைசியில் படியேறி மாடிக்குப் போனார்கள். 1969 ஜனவரி 30, வியாழக்கிழமை நண்பகல், நல்ல குளிர். ஜான் யோகோவின் மென்மயிர் மேலங்கியையும், ரிங்கோ தன் மனைவியின் சிவப்பு மழைக்கோட்டையும் அணிந்திருந்தார்கள். காற்றின் இரைச்சல் ஒலிவாங்கியில் விழாமல் இருக்க, பெண்கள் அணியும் நைலான் காலுறைகளை வாங்கிவந்து ஒலிவாங்கிகளுக்கு மாட்டினார்கள். ஒரு பாடலின் சொற்கள் நினைவில் நிற்காததால், உதவியாளர் ஒருவர் ஜானுக்கு முன்னால் மண்டியிட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டார்.

சவில் ரோ உயர்தரத் தையற்கடைகளுக்குப் பேர்பெற்ற தெரு. கூரையிலிருந்து இசை கொட்டியதும் அலுவலக ஊழியர்கள் பக்கத்து மாடிகளில் ஏறினார்கள். தெருவில் போக்குவரத்து நின்றது. இரைச்சல் தாங்கவில்லை என்று புகார் போய், அதே தெருவில் இருந்த காவல் நிலையத்திலிருந்து காவலர்கள் வந்தார்கள். நாற்பத்திரண்டு நிமிடங்களில் ஐந்து பாடல்களை, சிலவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட முறை, வாசித்து முடித்தார்கள். அவற்றில் ஒன்று, ஜானும் பாலும் பள்ளிப் பருவத்தில் சேர்ந்து எழுதிய ‘ஒன் ஆஃப்டர் 909’. அதைப் பாடும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதைக் கண்டவர்கள், இவர்களுக்குள் அன்பு வற்றிவிட்டது என்று சொல்லத் தயங்குவார்கள். நிறைவாக, குழுவின் சார்பில் நன்றி கூறிய ஜான், தேர்வில் நாங்கள் தேறியிருப்போம் என நம்புகிறேன் என்றார். நால்வரும் சேர்ந்து மக்கள் காதில் விழும்படி வாசித்தது அதுவே கடைசி.

அப்படியானால் உண்மையான தகராறு எதைப் பற்றியது?

யார் தங்களுக்காகக் கணக்குப் பார்ப்பது என்பதைப் பற்றியது. லிவர்பூலில் இசைத்தட்டுக் கடை நடத்திவந்த பிரையன் எப்ஸ்டீன்தான் இவர்களைக் கண்டெடுத்து மேலாளராக வளர்த்தவர். அவர் 1967 ஆகஸ்ட் 27 அன்று, 32 வயதில் இறந்தார். அவர் செய்த ஒப்பந்தங்களில் குறைகள் இருந்தன. ஆனால் நால்வரும் ஒருசேர நம்பிய ஒரே மனிதர் அவர். அந்த இடம் பிறகு நிரம்பவே இல்லை. என் கணிப்பில் பிரிவின் வேர் அங்கேதான் இருக்கிறது. மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

எப்ஸ்டீனுக்குப் பின் ஆப்பிள் நிறுவனத்தைத் தாங்களே நடத்த முயன்றார்கள். பேக்கர் தெருவில் திறந்த துணிக்கடை எட்டே மாதங்களில், 1968 ஜூலையில், மீதிச் சரக்கை வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக அள்ளிக் கொடுத்துவிட்டு மூடப்பட்டது. இப்படியே போனால் ஆறு மாதத்தில் ஓட்டாண்டியாகிவிடுவோம் என்று 1969 ஜனவரியில் ஜான் ஒரு பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார். அதைப் படித்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஆலன் கிளைன். கணக்காளராகத் தொடங்கி, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் விவகாரங்களைக் கவனித்துவந்தவர். மொட்டைமாடிக் கச்சேரி நடந்த அதே வாரத்தில் அவர் லண்டன் விடுதியொன்றில் ஜானையும் யோகோவையும் சந்தித்தார். ஜானின் பாடல்வரிகளை அவர் மனப்பாடமாகச் சொன்னதும், வறுமையில் வளர்ந்த கதையும் ஜானுக்கு உடனே பிடித்துப்போயின. ஜார்ஜும் ரிங்கோவும் ஜானைப் பின்பற்றினார்கள்.

பாலோ, தான் மணக்கவிருந்த லிண்டாவின் தந்தை லீ ஈஸ்ட்மனையும் அண்ணன் ஜான் ஈஸ்ட்மனையும் நம்பினார். இருவரும் நியூயார்க் வழக்கறிஞர்கள். மாமனாரிடம் கல்லாப்பெட்டியின் சாவியைக் கொடுப்பதை மற்ற மூவரும் ஏற்காததில் வியப்பில்லை. கிளைனின் போக்கைக் கண்டு பால் அஞ்சியதும் பிழையில்லை. 1969 மே 8 அன்று மூவரும் கிளைனுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை இரவு, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாலிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். கிளைன் கேட்கும் 20 விழுக்காடு அதிகம், 15 போதும், திங்கட்கிழமை வழக்கறிஞருடன் பேசிவிட்டுப் பார்க்கலாம் என்றார் பால். இழுத்தடிக்கிறாய் என்று சொல்லிவிட்டு மூவரும் வெளியேறினார்கள். தனியே நின்ற பால், அதே கூடத்தில் இருந்த அமெரிக்கப் பாடகர் ஸ்டீவ் மில்லருடன் சேர்ந்து, ஆத்திரம் தீர டிரம்ஸ் வாசித்து ஒரு பாடலைப் பதிவுசெய்தார்.

நால்வரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் ஒரு காரியம் நடக்காது என்பதே அதுவரை குழுவின் எழுதாத விதி. அந்த மே மாதத்தில் முதன்முறையாக, இவ்வளவு பெரிய விஷயத்தில் மூவர் ஒரு பக்கமும் ஒருவர் ஒரு பக்கமும் ஆனார்கள். நாள் ஒன்றைக் குறித்தே தீர வேண்டும் என்றால் நான் குறிப்பது 1969 மே 9.

தங்கள் பாடல்களின் உரிமை அவர்கள் கையைவிட்டுப் போனது எப்படி?

ஜானும் பாலும் எழுதிய பாடல்களின் உரிமை நார்தர்ன் சாங்ஸ் என்ற நிறுவனத்திடம் இருந்தது. அதை நடத்திய டிக் ஜேம்ஸ், குழுவுக்குள் தகராறு முற்றுவதைக் கண்டு, 1969 மார்ச் இறுதியில் தம் பங்குகளை லூ கிரேடின் ஏடிவி என்ற தொலைக்காட்சி நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். எழுதிய இருவருக்கும் அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. இருவரும் அப்போதுதான் மணமுடித்துத் தேனிலவில் இருந்தார்கள். பங்குகளை மீட்க இருவரும் சேர்ந்து போராடிய காலத்தில், பால் தனியாகவும் பங்குகள் வாங்கி வைத்திருந்தது வெளிப்பட்டது. ஜான் அதைத் துரோகமாகவே எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் பெரும்பான்மைப் பங்குகள் ஏடிவி வசமாயின. அதே பாடல்கள் 1985இல், 4 கோடியே 75 லட்சம் டாலர் விலையில், மைக்கேல் ஜாக்சனிடம் போய்ச் சேர்ந்தன.

யோகோ ஓனோதான் காரணமா?

இல்லை. அவர் வந்தது குழுவின் பழக்கத்தைக் குலைத்தது என்பது உண்மை. ஒலிப்பதிவின்போது மனைவியரோ காதலியரோ கூடத்துக்குள் உட்காருவதில்லை என்ற வழக்கத்தை 1968 முதல் ஜான் மீறினார். ஜப்பானில் பிறந்த ஓவியரும் நிகழ்த்துகலைஞருமான யோகோ, அவர் பக்கத்திலேயே இருந்தார். அது மற்றவர்களுக்குச் சங்கடமாக இருந்தது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எப்ஸ்டீன் இறந்ததற்கும், துணிக்கடை நட்டப்பட்டதற்கும், டிக் ஜேம்ஸ் பங்குகளை விற்றதற்கும், ஜார்ஜின் பாடல்கள் ஒதுக்கப்பட்டதற்கும் அவர் எப்படிப் பொறுப்பாவார்?

1969 ஜனவரிப் பதிவுகளில் பாலே இதைப் பேசுகிறார். அவர்கள் இருவரும் சேர்ந்து இருக்க விரும்புகிறார்கள், அதில் தவறு ஒன்றுமில்லை. யோகோ ஓர் ஒலிபெருக்கியின்மேல் உட்கார்ந்ததால் பீட்டில்ஸ் உடைந்தது என்று ஐம்பது ஆண்டுகள் கழித்துச் சொன்னால் எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்கிறார். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அப்படித்தான் சொன்னார்கள். குழுவை யோகோ உடைக்கவில்லை என்று 2012இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியிலும் பால் தெளிவாகச் சொன்னார். ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தால் புதிதாக வந்த மருமகள்மேல் பழி போடும் வழக்கம் நமக்குப் புதியதன்று. யோகோமேல் விழுந்த வசைகளில் இனவெறியும் கலந்திருந்தது. அதை நாமும் ஆராயாமல் திருப்பிச் சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது.

சண்டைகளுக்கு நடுவில் ‘ஆபி ரோடு’ ஆல்பம் இவ்வளவு செம்மையாக அமைந்தது எப்படி?

என்னை மிகவும் சிந்திக்கவைத்த கேள்வி இது. ஜனவரிப் பதிவுகள் முடிக்கப்படாமல் கிடக்க, பால் தங்கள் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம், முன்பு செய்ததைப்போல ஓர் ஆல்பம் செய்யலாமா என்று கேட்டார். ஜானும் உட்பட எல்லோரும் முன்புபோல ஒத்துழைப்பதாக இருந்தால் வருகிறேன் என்றார் மார்ட்டின். ஒப்புக்கொண்டார்கள். 1969 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வேலையின் பெரும்பகுதி நடந்தது. ஸ்காட்லாந்தில் கார் விபத்தில் சிக்கிய ஜான், ஜூலையில் சில நாள்கள் தாமதமாக வந்துசேர்ந்தார். யோகோவுக்குக் காயம் அதிகம் என்பதால் கூடத்துக்குள்ளேயே கட்டில் போடப்பட்டது.

எட்டுத் தடங்களில் பதிவுசெய்யும் கருவியும், புதிய டிரான்சிஸ்டர் கலவைமேசையும், ஜார்ஜ் வாங்கிவந்த மூக் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியும் ஆல்பத்துக்கு முன்பில்லாத வழவழப்பைத் தந்தன. ஆனால் அதன் அருமை கருவிகளால் மட்டும் வந்ததன்று. வியாபாரச் சண்டையே பாடலாக மாறியதை இதில் கேட்கலாம். ஒரு வசந்த காலக் காலையில் ஆப்பிள் அலுவலகக் கூட்டத்துக்குப் போகப் பிடிக்காமல், கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில் கிட்டாருடன் உலாவிய ஜார்ஜுக்குக் கிடைத்ததுதான் ‘ஹியர் கம்ஸ் தி சன்’. காசுக்குப் பதில் காகிதமே கையில் தருகிறீர்கள் என்ற பாலின் ஆதங்கம் இரண்டாம் பக்கப் பாடற்கோவையின் தொடக்கமாயிற்று. ஜார்ஜின் ‘சம்திங்’, அவருடைய பாடல்களில் பீட்டில்ஸ் தனித்தட்டின் முதற்பக்கத்தில் இடம்பெற்ற முதல் பாடல்.

‘தி எண்ட்’ பாடலைக் கவனித்துக் கேளுங்கள். முதலில் ரிங்கோவின் டிரம்ஸ் தனியாக ஒலிக்கிறது; தனி ஆவர்த்தனத்தை விரும்பாத அவர், பீட்டில்ஸ் பாடல்களில் அப்படி வாசித்தது இது ஒன்றுதான். பிறகு பால், ஜார்ஜ், ஜான் மூவரும் இந்த வரிசையிலேயே, ஆளுக்கு ஒரு சிறு பகுதியாக, மூன்று சுற்று கிட்டார் வாசிக்கிறார்கள். பாலின் கிட்டார் கூர்மையாகவும், ஜார்ஜின் கிட்டார் இழைந்தும், ஜானின் கிட்டார் முரட்டுத்தனமாகவும் பேசும். ஒரே கூடத்தில் அடுத்தடுத்து நின்று நேரடியாக வாசித்தது அது. நீதிமன்றத்தில் எதிரெதிர்த் தரப்பாக நிற்கப்போகிறவர்கள் என்று அந்த வாசிப்பைக் கேட்டு யாரும் ஊகிக்க முடியாது.

சாலையைக் கடக்கும் அட்டைப்படத்தை இயன் மக்மில்லன் ஆகஸ்ட் 8 அன்று, கூடத்துக்கு வெளியே ஏணியில் நின்று எடுத்தார். பத்து நிமிடம், ஆறு படங்கள், வேலை முடிந்தது. ஆகஸ்ட் 20 அன்று நால்வரும் கடைசியாக ஒரே கூடத்தில் இருந்தார்கள். செப்டம்பர் 26 அன்று ஆல்பம் வெளியானது.

ஜான் எப்போது விலகலைச் சொன்னார்? அது ஏன் மறைக்கப்பட்டது?

செப்டம்பர் 8 அன்றுகூட, மருத்துவமனையில் இருந்த ரிங்கோவுக்குப் போட்டுக் காட்டுவதற்காக ஒலிநாடாவில் பதிவுசெய்தபடி, மற்ற மூவரும் அடுத்த ஆல்பத்தைப் பற்றிப் பேசினார்கள். ஜான், பால், ஜார்ஜ் ஆளுக்கு நான்கு பாடல், விரும்பினால் ரிங்கோவுக்கு இரண்டு என்று பங்கிடலாம் என்பது ஜானின் யோசனை. ஐந்தே நாள்களில், செப்டம்பர் 13 அன்று, கனடாவின் டொரன்டோ நகரில் கிளாப்டன் உள்ளிட்ட புதிய கூட்டாளிகளுடன் மேடையேறிய ஜானுக்கு, பீட்டில்ஸ் இல்லாமலும் தன்னால் முடியும் என்ற துணிவு வந்துவிட்டது.

செப்டம்பர் 20 அன்று ஆப்பிள் அலுவலகத்தில், சிறிய மன்றங்களில் மீண்டும் வாசிக்கலாம் என்று பால் ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டிருக்க, ஜான் குறுக்கிட்டு, தனக்கு விவாகரத்து வேண்டும் என்றார். முதல் மனைவி சிந்தியாவிடமிருந்து பெற்றதைப் போன்ற விவாகரத்து என்று விளக்கமும் சொன்னார். ஜார்ஜ் அன்று அங்கே இல்லை. அமெரிக்காவின் கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனத்துடன் உரிமைத்தொகையைப் பெருமளவு உயர்த்தும் புதிய ஒப்பந்தத்தைக் கிளைன் அப்போதுதான் கொண்டுவந்திருந்தார். குழு கலைகிறது என்று தெரிந்தால் அது கெட்டுவிடும் என்பதால், வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், ஜான் ஒப்புக்கொண்டார். ஸ்காட்லாந்துப் பண்ணைவீட்டுக்குப் போய் மனமொடிந்து கிடந்த பால், தம்மைத் தேடிவந்த ஓர் அமெரிக்க இதழிடம், பீட்டில்ஸ் விவகாரம் முடிந்துவிட்டது என்று நவம்பரிலேயே சொல்லியிருக்கிறார். பால் இறந்துவிட்டார் என்ற வதந்தி பரவியிருந்த நேரம். அவர் உயிரோடு இருப்பதைப் பார்த்த நிம்மதியில் அந்த வாக்கியத்தை யாரும் கவனிக்கவில்லை.

‘லெட் இட் பி’ கடைசி ஆல்பம்தானா?

வெளியான வரிசையில் கடைசி. உருவான வரிசையில் பெரும்பகுதி ‘ஆபி ரோடு’க்கு முந்தையது. 1969 ஜனவரியின் நாடாக்களை ஒலிப்பொறியாளர் கிளின் ஜான்ஸ் தொகுத்துத் தந்தது ஏற்கப்படாமல் போயிற்று. 1970 ஜனவரி 3 அன்று பால், ஜார்ஜ், ரிங்கோ மூவரும், ஜான் டென்மார்க்கில் இருந்தபோது, ஒரு பாடலைப் பதிவுசெய்தார்கள். பிறகு ஜானும் ஜார்ஜும் அமெரிக்கத் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டரிடம் நாடாக்களை ஒப்படைத்தார்கள். எளிமையாக இருக்க வேண்டும் என்று தொடங்கிய முயற்சியின்மேல், அவர் ஏப்ரல் 1 அன்று பெரிய வாத்தியக்குழுவையும் பெண்குரல் குழுவையும் ஏற்றினார். பியானோவும் தன் குரலுமாகப் பாடிய ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு’ அப்படி மாறியதைக் கண்டு கொதித்த பால், இனி இப்படிச் செய்யக் கூடாது என்று கிளைனுக்குக் கடிதம் எழுதினார், பயனில்லை. ஆல்பம் 1970 மே 8 அன்று வெளியாயிற்று. அதே பெயரில் வந்த திரைப்படத்தின் முதற்காட்சிக்கு நால்வரில் ஒருவரும் போகவில்லை.

1970 ஏப்ரல் 10 அன்று பால் அறிவித்தது என்ன?

நேரடியாக விலகலை அறிவிக்கவில்லை. தன் தனி ஆல்பத்தை ஏப்ரல் 17 அன்று வெளியிட அவர் நாள் குறித்திருந்தார். ‘லெட் இட் பி’க்கு இடைஞ்சல் என்று அதைத் தள்ளிவைக்க முடிவுசெய்த ஜானும் ஜார்ஜும், மார்ச் 31 அன்று கடிதத்தை ரிங்கோவிடம் கொடுத்தனுப்பினார்கள். அலுவலகப் பையன் ஒருவனிடம் கொடுத்தனுப்புவது முறையன்று என்று நல்லெண்ணத்தோடு நேரில் போன ரிங்கோவைப் பால் கத்தி விரட்டிவிட்டார். ஆயினும் ரிங்கோ திரும்பிச் சென்று, அவருக்கு அந்த நாள் அவ்வளவு முக்கியம் என்றால் விட்டுக்கொடுப்போம் என்றே மற்ற இருவரிடமும் சொன்னார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ரிங்கோ.

பத்திரிகைகளுக்கு அனுப்பிய தட்டுடன் கேள்வி பதில் தாள் ஒன்றையும் பால் சேர்த்திருந்தார். குழுவுடன் புதிய ஆல்பம் திட்டமிருக்கிறதா என்பதற்கு ‘இல்லை’. ஜானுடன் மீண்டும் சேர்ந்து பாடல் எழுதுவீர்களா என்பதற்கும் ‘இல்லை’. பிரிவு தற்காலிகமா நிரந்தரமா என்பது தெரியவில்லை என்றார். டெய்லி மிரர் நாளேடு ஏப்ரல் 10 அன்று முதல்பக்கத்தில், பால் விலகுகிறார் என்று பெரிய எழுத்தில் போட்டது. ஏழு மாதங்களாகச் சொல்லாமல் அடக்கிவைத்திருந்த ஜானுக்கு, அதைத் தன் ஆல்பத்தை விற்கப் பால் பயன்படுத்திக்கொண்டார் என்ற கோபம் நெடுநாள் ஆறவில்லை. பிரிவைத் தொடங்கியவர் ஜான் என்று பால் 2021இல் சொன்னபோது பலர் புதுச் செய்தியாகக் கேட்டார்கள். அது 1969இன் செய்தி.

நண்பர்கள்மேல் பால் ஏன் வழக்குத் தொடுத்தார்?

1967இல் நால்வரும் பத்தாண்டுக்குக் கூட்டாண்மை ஒப்பந்தம் செய்திருந்தார்கள். அதன்படி, தனித்துப் பாடிச் சம்பாதித்தாலும் அந்தப் பணம் பொதுக் கணக்கில்தான் சேரும். பொதுக் கணக்கோ கிளைனின் பிடியில். கிளைனை விலக்க வேண்டும் என்றால் கூட்டாண்மையைக் கலைக்க வேண்டும், கலைக்க மற்ற மூவரும் இசையாவிட்டால் அவர்கள்மேல்தான் வழக்குப் போட வேண்டும். மாதக்கணக்கில் தயங்கிய பால், 1970 டிசம்பர் 31 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தார்.

மூவரும் நேரில் வராமல் உறுதிமொழிப் பத்திரங்களை அனுப்பினார்கள். அவை படிக்க வேண்டிய ஆவணங்கள். 1969 ஜனவரிச் சண்டைக்குப் பின் பால் தன்னைச் சமமான கலைஞனாக நடத்தத் தொடங்கினார் என்று ஜார்ஜ் எழுதியிருந்தார். பிணக்கு தீரக்கூடியதே என்று காட்டுவது அவர் நோக்கம். பிரிவதற்கு வழக்குப் போட்டவரைப் பற்றி எதிர்த்தரப்பார் நல்ல சொல் சொல்லும் விசித்திரம் அங்கே நடந்தது. 1971 மார்ச் 12 அன்று நீதிபதி ஸ்டாம்ப் பாலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, கணக்குகளைக் கவனிக்கப் பொறுப்பாளர் ஒருவரை அமர்த்தினார். 1973இல் மற்ற மூவரும் கிளைனை விட்டுப் பிரிந்து அவர்மேலேயே வழக்குத் தொடுத்தார்கள். பாலின் சந்தேகம் சரியாக இருந்திருக்கலாம் என்று ஜானும் ஒப்புக்கொண்டார். இறுதி ஆவணத்தில் ஜான் 1974 டிசம்பர் 29 அன்று, மகனுடன் விடுமுறைக்குப் போயிருந்த புளோரிடாவின் டிஸ்னி விடுதியொன்றில் கையெழுத்திட்டார். 1975 ஜனவரி 9 அன்று கூட்டாண்மை சட்டப்படி கலைந்தது.

பிறகு நால்வரும் ஒன்றுசேர்ந்தார்களா?

இல்லை. 1980 டிசம்பர் 8 அன்று ஜான் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1973இல் வந்த ரிங்கோவின் ஆல்பத்தில் நால்வரின் பங்களிப்பும் உண்டு, ஆனால் நால்வரும் ஒரே நேரத்தில் கூடவில்லை. ஜான் வீட்டில் பதிந்துவைத்த பாடல்கள் இரண்டை மற்ற மூவரும் 1990களில் நிறைவுசெய்தார்கள். ஜார்ஜ் 2001இல் மறைந்தபின், மூன்றாவது பாடல் 2023இல் வெளியானது.

இந்தக் காலத்தை அறிய எங்கிருந்து தொடங்கலாம்?

பீட்டர் ஜாக்சன் 2021இல் தொகுத்த ஏறத்தாழ எட்டு மணிநேர ஆவணப்படத்தைப் பொறுமையாகப் பாருங்கள். பழைய திரைப்படம் காட்டாமல் விட்ட சிரிப்பும் தேநீரும் வெட்டிப்பேச்சும் அதில் உள்ளன. பிறகு ‘ஆபி ரோடு’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். ‘தி எண்ட்’ முடிந்ததும் எழுந்துவிட வேண்டாம். சில நொடி மௌனத்துக்குப் பின் பால் தனியாகக் கிட்டாரோடு பாடும், அரை நிமிடம்கூட நீளாத துணுக்கு ஒன்று வரும். பாடற்கோவையின் நடுவிலிருந்து வெட்டி எறியச் சொன்ன துண்டு அது. பீட்டில்ஸ் பதிவு எதையும் தூக்கியெறியக் கூடாது என்ற கட்டளை இருந்ததால், இளம் ஊழியர் ஒருவர் அதை நாடாவின் கடைசியில் ஒட்டிவைத்தார். கேட்டவர்களுக்குப் பிடித்துவிட, அப்படியே விட்டுவிட்டார்கள். வெட்டும்போது அதன் இறுதி ஒலி முந்தைய நாடாவிலேயே தங்கிவிட்டதால், அந்தப் பாட்டு முடியாமலே நிற்கிறது.